வானத்திலிருந்து அக்கினி கேட்டவர்கள்



சமாரியர் ஊர் ஒன்று நமதாண்டவரை ஏற்றுக்கொள்ள மறுத்தபோது, அர்ச். இயாகப்பரும் அர்ச். அருளப்பரும் அவரிடம் என்ன கேட்டார்கள் என்பதை அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் 9-ம் அதிகாரத்தில் எழுதிவைத்திருக்கிறார். வானத்திலிருந்து அக்கினியை இறக்கி அந்த ஊரைச் சுட்டெரிக்கலாமா என்று கேட்டார்கள். கேட்டவர்கள் துஷ்டர்கள் அல்ல, அப்போஸ்தலர்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனாலும் ஆண்டவர் திரும்பி அவர்களைக் கடிந்துகொண்டார். பிறகு எல்லோரும் வேறு ஊருக்குப் போனார்கள்.

இதை இன்று ஏன் நினைப்பூட்டுகிறேன் என்றால், எங்கோ ஒரு தேசத்தில் விஷவாயு போட்டுக் குழந்தைகளைக் கொன்றார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம், பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும் நம் வாலிபர்கள், "இவனுகளைக் குண்டு போட்டு அழிக்காமல் உலகம் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறது, சாமி?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். கேளாமல் வீட்டுக்குப் போகிறவனைக் காட்டிலும் கேட்கிறவன் மேல்.

விஷவாயு என்றால் என்னவென்று நம் சுற்றுப்புறத்தாருக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பருத்திக்கு மருந்தடித்தவர்களுக்குத் தெரியும். எதிர்காற்றில் மருந்து மூக்கில் ஏறினால் வாயில் எச்சில் ஊறும், கண்ணின் மணி சுருங்கும், நெஞ்சு அடைக்கும். ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போடுவார்கள். சாரின் என்ற விஷமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1938-ம் வருஷம் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய இரசாயனிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். பயிரைக் காக்கப் புறப்பட்ட ஆராய்ச்சி மனிதரைப் பூச்சியைப்போலக் கொல்லுவதில் போய் முடிந்தது.

2013 ஆகஸ்டு 21-ந் தேதி விடியற்காலையில், சிரியா தேசத்தின் டமாஸ்கஸ் நகரையடுத்த கூத்தா என்ற பகுதியில் அந்த சாரின் விழுந்தது. செத்தவர்கள் 1,429 பேர் என்று அமெரிக்க அரசு சொல்லிற்று. குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. படுக்கையிலேயே மாண்ட பாலகரின் படங்களைப் பார்த்த எவருக்கும் மனம் கொதித்தது. அமெரிக்கா ஏவுகணைகளை ஆயத்தம் செய்தது. ஆகஸ்டு 29-ந் தேதி இங்கிலாந்து பாராளுமன்றத்தில் விவாதம் நடந்து, யுத்தத்துக்குப் போகும் யோசனை 272-க்கு 285 வாக்குகளால் தோற்றது. ஐக்கிய நாடுகள் சபையின் அனுமதியில்லாமல் எவரும் தாக்கக்கூடாது என்பது நம் இந்திய அரசின் நிலை.

அச்சமயம் காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் செப்டம்பர் 7-ந் தேதியை உலகமெங்கும் உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் உரிய நாளாக நியமித்தார். தேவமாதாவின் பிறந்தநாள் திருநாளுக்கு முந்தின நாள் அது. நமது பக்கத்து யாத்திரிகர்கள் காவி உடுத்து வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்ச் சேரும் காலம். உரோமையில் அர்ச். இராயப்பர் சதுக்கத்தில் நாலு மணி நேரம் ஜனங்கள் கூடி ஜெபித்தார்கள். உபவாசத்தால் ஏவுகணை நிற்குமா என்று நகைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 14-ந் தேதி, அமெரிக்காவும் ருஷியாவும் ஜெனீவாவில் உடன்படிக்கை செய்துகொண்டன. சிரியா தன் விஷங்களை ஒப்புவிக்கச் சம்மதித்தது. 1,300 டன் அளவில் கணக்குக் காட்டப்பட்டு, 2014 ஜூன் 23-ந் தேதி கடைசிப் பகுதியும் கப்பலேறிற்று. ஜெபம்தான் இதைச் செய்தது என்று நான் சாதிக்க வரவில்லை. சர்வேசுரனுடைய கணக்கு நம் கையில் இல்லை. குண்டு போடாமலே ஆயிரம் டன்னுக்கு மேல் விஷம் வெளியேறிற்று என்பது மாத்திரம் கண்கூடான சங்கதி.

அப்படியானால் ஆயுதம் எடுப்பது எப்போதுமே பாவமா? திருச்சபை அப்படிப் போதிப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஒருவன் குடித்துவிட்டு மனைவியைப் போட்டு அடிக்கிறான், பிள்ளைகள் அலறுகின்றன. அது அவர்கள் குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்திக்கொள்ளுகிறவன் தப்பறை செய்கிறான். நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு உள்ளே போய் அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். பலவந்தமாய்ப் பிடிக்கவும் செய்யலாம். ஆனால் அவனைத் தண்டிக்கிறேன் என்று அவன் கூரையில் தீ வைக்கிறவனை என்ன சொல்லுவது? உள்ளேதானே அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்! அர்ச். அகுஸ்தீனும் அர்ச். தோமாஸ் அக்குவீனாசும் யுத்தத்துக்கு விதித்த நிபந்தனைகளின் சாரம் இதுவே. நியாயமான அதிகாரம் வேண்டும், நியாயமான காரணம் வேண்டும், உள்நோக்கம் சுத்தமாயிருக்க வேண்டும். வேறு வழியெல்லாம் அடைபட்டிருக்க வேண்டும், நீக்கப்போகும் தீமையைவிடப் பெரிய தீமை விளையக்கூடாது என்பதையும் திருச்சபையின் ஞானோபதேசம் நமக்குச் சொல்லுகிறது.

உள்நோக்கம் என்ற இடத்தில்தான் உலகத்து இராஜாங்கங்கள் பெரும்பாலும் தவறுகின்றன. 1988 மார்ச்சு 16-ல் ஈராக்கின் அரசே தன் குடிகளான குர்து ஜனங்களின் மேல் ஹலாப்ஜாவில் விஷம் பொழிந்து ஆயிரக்கணக்கில் கொன்றது. அந்த அரசு அப்போது பலருக்கு வேண்டியதாயிருந்தபடியால் வல்லரசுகள் அநேகமாய் வாய்மூடியிருந்தன. 2003-ல் அதே தேசத்தின்மேல், கொடிய ஆயுதங்கள் ஒளித்துவைத்திருக்கிறது என்று சொல்லிப் படையெடுத்தார்கள். தேடினார்கள், அகப்படவில்லை. அந்த யுத்தம் வேண்டாமென்று அர்ச். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மன்றாடியதை யாரும் கேட்கவில்லை. அப்போஸ்தலர் காலந்தொட்டு அங்கே வேரூன்றியிருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியார் இன்று ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

தூரதேசத்துக் கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 1987 ஜூலை 29-ந் தேதி ஒப்பந்தத்தின்பேரில் நமது சேனை ஈழத்துக்குச் சமாதானம் காக்கப் போயிற்று. யாழ்ப்பாணத்து ஜனங்கள் மாலையிட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே சேனை அதே ஊரில் யுத்தம் செய்தது. அம்மாதம் 21-ந் தேதி, தீபாவளி தினத்தில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் வைத்தியரும் தாதியரும் நோயாளிகளுமாக அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். 1990 மார்ச்சில் சேனை திரும்புமுன் நமது சிப்பாய்களும் ஏறக்குறைய 1,200 பேர் உயிரிழந்தார்கள். காக்கப் போன கை எப்படி அடிக்கும் கையாயிற்று என்பதை இன்னும் நாம் நேராய்ப் பேசுவதில்லை. அவ்வருஷம் ஜூனில், மட்டக்களப்பையடுத்த கிரான் முகாமின்மேல் நம் மொழி பேசும் புலிகளே குளோரின் வாயுவை விட்டார்கள். நமது இந்தியாவும் ஆயிரம் டன்னுக்கு மேல் கடுகு வாயு செய்துவைத்திருந்து, 1997-ல் அதை ஒப்புக்கொண்டு, 2009-ல் முழுவதையும் அழித்து முடித்தது. அது மெச்சத்தக்க காரியம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிரியாவின் விஷம் முற்றும் ஒழியவில்லை. 2017 ஏப்ரல் 4-ந் தேதி கான் ஷேய்கூன் ஊரில் மறுபடியும் சாரின் விழுந்தது. அமெரிக்கா 59 ஏவுகணைகளை விட்டது. மறு ஏப்ரலில் தூமா என்ற ஊரில் குளோரின். மறுபடி மூன்று தேசங்களின் ஏவுகணைகள். அவற்றாலும் அந்த அரசு மனந்திரும்பவில்லை. 2024 டிசம்பர் 8-ந் தேதிதான் கவிழ்ந்தது. ஆகையால் உடன்படிக்கையே போதுமென்று நான் சொல்லேன். குண்டு போட்டிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும் என்கிறவர்கள் இந்தத் தேதிகளையும் பார்க்கட்டும்.

ஹோம்ஸ் நகரம் முற்றுகையில் கிடந்தபோது, ஹாலந்து தேசத்து சேசுசபைக் குரு பிரான்ஸ் வான் டெர் லுக்ட் சுவாமி, வெளியேற வழியிருந்தும் போகாமல் பசித்த ஜனங்களோடு தங்கினார். 2014 ஏப்ரல் 7-ந் தேதி மடத்திலேயே சுடப்பட்டு இறந்தார். 1693-ல் ஓரியூரில் தலைவெட்டுண்ட அர்ச். அருளானந்தரை அறிந்த மதுரை மிஷன் மக்களுக்கு இப்படிப்பட்ட குருவைப் புரிந்துகொள்ளுவது கடினமல்ல. அந்நிய தேசத்துத் துன்பத்தில் உட்பிரவேசிக்க இதுவும் ஒரு வழி.

நமக்கு விமானமும் இல்லை, ஏவுகணையும் இல்லை. ஆனால் ஆனையூரிலும் திருவாதவூரிலும் உச்சப்பட்டியிலும் ஈழத்து அகதி முகாம்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. வருகிற முதல் வெள்ளியன்று குடும்பத்தார் யாவரும் மத்தியான சாப்பாட்டை ஒறுத்து, அந்தப் பணத்தை அர்ச். அந்தோனியார் உண்டியலில் போடும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். அது முகாம் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குப் போகும். மாலை 6 மணிக்கு ஜெபமாலை, தேவநற்கருணை ஆசீர்வாதம். கோவில் வாசலில் கேள்வி கேட்ட வாலிபர்கள் சைக்கிளோ வண்டியோ கொண்டுவந்தால் மூட்டைகளை முகாமுக்குச் சேர்க்க உதவியாயிருக்கும். அரிசியாகக் கொடுக்கிறவர்கள் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் உபதேசியார் வீட்டில் ஒப்புவிக்கவும்.