சட்டாம்பிள்ளையின் கேள்வி

பெரியபாளையம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு மெக்கானிக்ஸ் நடத்துகிறேன். வகுப்பில் பலரும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கப் பயந்து, கேட்காமலே இருந்துவிடுவார்கள்.

சுவரில் சாய்த்த ஏணி பற்றிய கணக்கு. தரையின் உராய்வு விசை சுவரை நோக்கி இருக்க வேண்டும். இரண்டு பெண்கள் அதை எதிர்த்திசையில் போட்டிருந்தார்கள். ஒரே தவறு, இருவருக்கும் பூஜ்யம்.

"காப்பி அடிக்கல சார். அவதான் எனக்குத் தமிழ்ல சொல்லிக் கொடுத்தா."

இருவரையும் பலகைக்கு அழைத்தேன். கேட்டுப் படித்தவள் முழுக் கணக்கையும் விளக்கினாள். ஏணியின் அடி வெளியே வழுக்கும் என்று சொல்லும்போதே தவறு அவளுக்குப் பிடிபட்டது. நான் வகுப்பில் செய்யத் தவறியதை அவள் தோழி செய்திருக்கிறாள். அதற்கு நான் கொடுத்தது தண்டனை.

மதிப்பெண்ணைத் திருத்தினேன். மறுவாரமே நாலு நாலு பேராக உட்காரவைத்தேன். ஒரு மாதம் கழித்து அந்தத் தோழி வந்து கேட்டாள்: "நானே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துட்டிருந்தா, நான் எப்ப சார் படிக்கிறது?"

பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கேள்வி நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கேட்டிருக்க வேண்டியது. மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இங்கே பழையது. 1789-ல் எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மாணவர்களைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அது இங்கிலாந்தில் பரவியதற்கு ஒரு காரணம் சிக்கனம். ஒரே ஆசிரியர் போதும். மீதி வேலையைப் பிள்ளைகள் கூலியின்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

நானும் அந்தச் சிக்கனத்தைத்தான் செய்திருந்தேன், கூட்டுக் கற்றல் என்ற நல்ல பெயரில்.

ஹார்வர்டில் எரிக் மஸூர் 1990-களில் இயற்பியல் வகுப்பில் கையாண்ட முறை வேறு. கேள்விக்கு முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், பிறகு மறுபடி விடை. அங்கே நிரந்தரமான குருவும் இல்லை, சீடனும் இல்லை.

இப்போது அப்படித்தான் செய்து பார்க்கிறேன். வாதம் தமிழிலேயே நடக்கலாம். யார் பலகைக்கு வருவது என்பது சீட்டுக் குலுக்கலில். அந்தப் பெண்ணும் சில நாள் வாய்விட்டுச் சந்தேகம் கேட்கிறாள். சில நாள் தனியாக உட்கார்ந்துகொள்கிறாள். நான் தடுப்பதில்லை. உதவுவது நல்ல குணம்தான். ஆனால் அவளும் ஃபீஸ் கட்டிப் படிக்க வந்தவள்.