தானமா? உரிமையா?

கிளமெண்டி அடுக்குமாடி வீடுகளில் மூவறை வீட்டாரும் உளர்; ஐயறை வீட்டாரும் உளர். நகர மன்றத்துக்கு மாதந்தோறும் முன்னவர் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணம் குறைவு. பின்னவர் செலுத்துவது மிகுதி. ஆயினும் தாழ்வார விளக்கு இருவர்க்கும் ஒன்றுபோலவே எரிகிறது. சிறு வீட்டாரிடம் குறையும் பணத்துக்கு ஈடாகச் சர்க்கார் பொதுவரியினின்று மானியம் அளிக்கிறது. இது நியாயந்தானா?

"பிறர் பணத்தில் நடப்பவன் சிக்கனம் அறியான்" என்பர் சிலர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடல் தகாது. தன் பையினின்று கொடுத்த காசுக்கே மனிதன் கணக்குக் கேட்கிறான். கேட்பாரற்ற இடத்தில் நிர்வாகம் தளரும் என்பது வெளிப்படை.

ஆயினும், செல்வம் ஓரிடத்தில் குவிவது அவ்விடத்தார் திறமையால் மட்டுமன்று. விடியுமுன் பால்மரம் வெட்டியவன் லயத்தில் வாழ்ந்தான். அவன் உழைப்பு நகரத்தில் வீதியாயிற்று, மாளிகையாயிற்று. தோட்டத்துக்குத் திரும்பும் காசைப் பிச்சை என்பது அறமாகுமா? 1896-இல் மலாய்க் கூட்டு நாடுகள் அமைந்தபின், ஈய வருவாய் மிகுந்த பேராவும் சிலாங்கூரும் கடன்பட்ட பகாங்கைத் தாங்கின. கூடி வாழ்தல் என்பதன் பொருள் அதுவே.

அப்படியாயின் கொடுப்பதில் குற்றமில்லை. எதை அளந்து கொடுக்கிறோம் என்பதே கேள்வி. இந்தியாவின் 15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரை மாநிலங்களின் வரிப்பங்கைப் பிரித்தபோது, வருமானத் தாழ்வுக்கு நூற்றுக்கு 45 மதிப்பு வைத்தது. வரி திரட்டும் முயற்சிக்கு வைத்தது 2.5 மட்டுமே. தமிழ்நாட்டுக்குக் கிடைத்த பங்கு 4.079 விழுக்காடு. ஏழ்மைக்கு இரங்கியது சரி. முயற்சியை இவ்வளவு சிறிதாக எண்ணியது சரியா?

பற்றாக்குறையை அளந்து கொடுத்தால் ஊதாரியே பரிசு பெறுவான். தேவையை அளந்து கொடுத்தால் அந்தக் கேடில்லை. சிங்கப்பூர் நகர மன்ற மானியம் வீட்டின் வகையையும் எண்ணிக்கையையும் நோக்கியது. மன்றம் எவ்வளவு வீணாக்கினும் அதனால் ஒரு வீடும் கூடாது. மிச்சமும் நட்டமும் அதனுடையவே.

1988-இல் நகர மன்றச் சட்டம் வருமுன், இப்பராமரிப்பு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பாயிருந்தது. 2010 முதல் துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண நிலுவை ஆகியவற்றில் ஒவ்வொரு மன்றத்தின் நிலையும் அறிக்கையாக வெளிவருகிறது. அதைப் படிப்போர் நம்மில் எத்தனை பேர்?

தோழர்களே! மானியத்தைத் தானமென எண்ணுவோன் தலைகுனிந்து வாங்குவான். கணக்குக் கேட்க நாணுவான். அந்த நாணமே சோம்பல் நிர்வாகத்துக்கு அரண். உரிமையென எண்ணுவோனோ நிமிர்ந்து வாங்குவான். ஒரு வெள்ளி வீணாயினும் கேட்பான். பொதுப்பணம் பிறர் பணமன்று, நம் பணம். பெறுவதில் மானம் கெடாது, கேளாதிருப்பதில்தான் கெடும்.