மறைத்த கணக்கும் சுவீகாரப் பிள்ளையும்



ஒரு தம்பதியினர் பிள்ளையொன்றைச் சுவீகாரம் எடுத்து வளர்க்கிறார்கள். பள்ளிக்கூடம் போகும் வயதில்தான், பெற்ற தாய் கர்ப்ப காலத்தில் மது அருந்தியதால் பிள்ளையின் மூளை கருவிலேயே பாதிக்கப்பட்டது தெரியவருகிறது. முன்பே அறிந்தவர்கள் சொல்லவில்லை. "ஏமாற்றிப் போட்டார்கள்" என்று வளர்ப்பவர் மனம் கொதிப்பது நியாயமா?

கணக்காளன் என்ற முறையில் நியாயம்தான் என்பேன். பின்னால் வரக்கூடிய பொறுப்பை அறிக்கையில் காட்டாமல் விடுவது தவறு. ஆனால் பிள்ளை விலைக்கு வாங்கிய சரக்கு அல்லவே. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் வந்த நமது தேசவழமையில், உறவினர் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடித்துச் சுவீகாரம் எடுத்தார்கள். அதன்பின் பிள்ளை வளர்ப்பவரின் வாரிசானது. பெற்றவரின் முதுசம் அதற்கு இருக்கவில்லை. திரும்பிப் போக வேறு வீடும் இருக்கவில்லை.

அப்படியானால் உண்மையை எதற்குச் சொல்ல வேண்டும்? பிள்ளைக்காகத்தான். 1973இல் அமெரிக்க வைத்தியர்கள் ஜோன்ஸ், ஸ்மித் இருவரும் இப்பாதிப்புக்குப் பெயர் வைத்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளின் முகத்தில் எந்த அடையாளமும் தெரியாது. சொன்னது மறந்துபோகும், நேரமும் காசும் பிடிபடாது, நேற்றுத் தண்டித்த பிழையை இன்றும் செய்யும். காரணம் தெரியாத வீட்டில் அதற்குப் பெயர் குழப்படி, கிடைப்பது அடி. தெரிந்த வீட்டில் ஒவ்வொன்றாக, திரும்பத் திரும்பக் காட்டிக் கொடுப்பார்கள். ஆகவே மறைத்தவர் பெரிய தீங்கு செய்தது பிள்ளைக்கே.

சொல்லப்படுவதும் மெய்யாக இருக்க வேண்டும். நமது ரொறன்ரோவில் சிக்கிட்ஸ் வைத்தியசாலையின் மதர்ரிஸ்க் ஆய்வுகூடம், தலைமயிரைச் சோதித்துத் தாய்மாரின் மது, போதைப் பழக்கத்தைச் சொல்லிவந்தது. 2005 முதல் 2015 வரையிலான அச்சோதனைகள் நம்பத்தகாதவை என்று 2015இல் முன்னாள் நீதிபதி சூசன் லாங் அறிக்கையிட்டார். 2018இல் நீதிபதி ஜூடித் பீமனின் ஆணைக்குழு 1,271 வழக்குகளை ஆராய்ந்து, 56இல் அச்சோதனை முடிவைப் பெரிதும் பாதித்தது என்றது. பெற்ற தாயைத் திட்டுமுன் இதையும் நினைக்க வேண்டும்.

சுவீகாரம் எடுக்குமுன் எல்லாவற்றையும் கேளுங்கள். எடுத்தபின் தெரியவருவது பிள்ளையை விளங்கிக்கொள்வதற்கே. தாங்க முடியாதபோது உதவி கேட்பது வெட்கமல்ல. வெக்ஸ்போர்ட்டில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வைத்தியரிடமும் ஆசிரியரிடமும் நாம் மூடி வைத்தால், முதலில் மறைத்தவர் செய்த அதே தவறை அதே பிள்ளைக்கு நாமும் செய்தவர்களாவோம்.