பார்க்கலாம்

வீட்டில் ஒரு குழாய் வெடித்துத் தண்ணீர் வீணாயிற்று. இதில் தர்மம், அதர்மம் என்று ஆராய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த கோடை. லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கித்தான் எங்கள் வீட்டில் காலம் தள்ளினோம். ஒரு நாள் இரவு, மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் வளைவில் வெடித்துவிட்டது. விடிந்து பார்த்தால் 1,000 லிட்டர் தொட்டி காலி. கொல்லைப்புறம் முழுவதும் சேறு.

வருஷக்கணக்காக வெயிலில் காயும் பிளாஸ்டிக் குழாய் நாளடைவில் வலுவிழந்து நொறுங்கும். ஆகவே குற்றவாளி சூரியன்தான் என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பே, பாத்திரம் துலக்க வரும் அம்மாள், "ஐயா, பின்பக்கக் குழாய் சொட்டுதுங்க" என்று சொல்லியிருந்தாள். "பார்க்கலாம்" என்றேன். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர்தானே போகும் என்று கணக்கும் போட்டேன். கணக்குப் போட்ட நேரத்தில் ஆளைக் கூப்பிட்டிருக்கலாம்.

அன்று காலை அவள் சேற்றைப் பார்த்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. "ராத்திரியே தெரிஞ்சிருந்தா நாலு குடம் பிடிச்சிருப்பேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. குடத்தோடு விழித்திருக்கிற இரவுகள் அவளுக்குப் பழக்கம்.

நாலு குடம்! என் கொல்லையில் வீணானது அறுபது குடத்துக்கு மேல்.

"காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்; நஷ்டம் எனக்குத்தானே?" என்று மனம் வாதாடியது. ஆனால் நான் கொடுத்த காசு லாரிக்கும் ஆளுக்கும் கிணற்றுக்காரருக்கும் போயிற்று. தண்ணீரோ நகருக்கு வெளியே ஏதோ ஒரு கிராமத்து மண்ணில் ஊறியது. அந்த ஊற்றுக்கு யார் விலை கொடுத்தார்கள்? ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தபோது ரயில் என் கண்ணில் படவில்லை. என் கொல்லைப்புறச் சேறுதான் தெரிந்தது.

செய்த தீமைக்காக வருந்த நமக்குத் தெரியும். செய்யாமல் விட்டதற்காக வருந்தத் தெரிவதில்லை. திருடியவனுக்குத் தான் திருடன் என்பதாவது தெரியும். 'பார்க்கலாம்' என்று சொன்னவனோ, முடியாது என்று ஒருவரிடமும் சொல்லாததால், தன்னை நல்லவனாகவே எண்ணிக்கொண்டிருக்கிறான்.

குழாய்க்காரர் வந்து அரைமணி நேரத்தில் வளைவை மாற்றிவிட்டார். மூன்று வாரமாக எனக்குக் கிடைக்காத அரைமணி நேரம் அது.

அந்த அம்மாள் இதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. இப்போதெல்லாம் அவள் "ஐயா" என்று கூப்பிட்டால், எழுந்து போய்ப் பார்க்கிறேன்.