சும்மா இருக்கிறவள்

சென்ற மார்கழியில் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். கையில் இரண்டு கட்டுக் கீரை. “இப்ப எங்கக்கா வேலை பாக்கீங்க?” என்று கேட்டேன். “எங்கயும் இல்ல மேடம். ரெண்டு வருசமா வீட்லதான் சும்மா இருக்கேன்” என்றார். பிறகு அவர் கேட்டார்: “நீங்க இப்ப யார்ட்ட டைப் அடிக்கக் குடுக்கீங்க?”

“நானே அடிச்சுக்கிறேன்க்கா” என்றேன்.

அது பொய். நான் அடிப்பதில்லை. கைப்பேசியிடம் பேசுகிறேன், அது எழுத்தாக்கித் தருகிறது. பிழை பார்க்கவும் ஆங்கிலச் சுருக்கம் எழுதவும் செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. ஏன் பொய் சொன்னேன் என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

2008இல் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவர் அவர். மாடியில் ஒரு டி.டி.பி. கடை, இரண்டு கணினிகள், பக்கத்துக்கு 15 ரூபாய். அதில் அவர் கைக்கு எவ்வளவு போனது என்று நான் கேட்டதில்லை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு முதுநிலை தேறியவர். குரூப் 4 எழுதிப் பார்த்து வேலை கிடைக்காமல் அந்த மாடிக்கு வந்திருந்தார். என் கோழிக்கிறுக்கல் கையெழுத்தைப் படிக்க அவருக்கு இரண்டே நாள் பிடித்தது. மூன்றாம் இயலை அடித்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து, “மேடம், இதையேதான் ரெண்டாவதுலயும் சொல்லியிருக்கீங்க” என்றார். சரிதான். என் நெறியாளர் கண்ணிலும் படாத பிழை அது. ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர், நூலகர், கணவர் எல்லோரும் இருக்கிறார்கள். அவர் பெயர் இல்லை.

அந்த நாட்களில் அவர் ஒன்று சொன்னார்: “இந்தக் கடைக்கு வரணும்னுதான் மேடம் காலைல சேலை மாத்துறேன்.” அப்போது சிரித்துவிட்டு விட்டேன். இன்று அந்த வாக்கியம்தான் என்னைத் துரத்துகிறது.

வேலை போனால் சம்பளம் போகிறது. இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு வேலை என்பது வீட்டைவிட்டு வெளியே போவதற்கான காரணமும்கூட. ஆண் காரணமின்றித் தெருமுனையில் நிற்கலாம்; டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காரலாம். அவளை “எங்க போற?” என்று கேட்கும்போது “வேலைக்கு” என்பது யாரும் மறுத்துப் பேச முடியாத பதில். அந்தப் பதிலுக்குப் பின்னால்தான் தோழி, பேருந்துப் பயணம், வீட்டுக்குத் தெரியாமல் சேர்க்கும் இருநூறு ரூபாய், தன் பெயர் சொல்லி அழைக்கப்படும் எட்டு மணி நேரம் எல்லாம் இருக்கின்றன. எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இவை வருவதில்லை.

யார் வேலை முதலில் போகும் என்பதும் தற்செயலல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் புதிய தொழில்நுட்பத்துக்கு மிக அதிகமாக ஆட்படுவது எழுத்தர் பணிகள்தான் என்கிறது. உலக அளவில் பெண்களின் வேலைகளில் 3.7 விழுக்காடு தானியங்கிமயமாகும் வாய்ப்புள்ளது என்று அந்த ஆய்வு கணித்தது. ஆண்களுக்கு அது 1.4 விழுக்காடு. எழுத்தர் நாற்காலிகளில் பெண்கள் நிறைய இருப்பதே காரணம். ‘பெண்ணுக்கு ஏற்ற வேலை’, ‘பாதுகாப்பான வேலை’ என்று சொல்லி நாம்தான் அவளை அங்கே உட்காரவைத்தோம்.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “அடுத்தவங்க எழுதினத நாள் முழுக்க அடிக்கிறது என்ன விடுதலை மேம்? அந்த வேலை போறது நல்லதுதானே?”

நியாயமான கேள்வி. அக்காவுக்குக் கழுத்து வலி உண்டு. இரவில் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொள்வார். அந்த நாற்காலியை நான் புனிதப்படுத்தப் போவதில்லை. பெரியாரும் ‘இனிவரும் உலக’த்தில் இயந்திரங்களை வரவேற்றார். மனித உழைப்பு குறையும் என்றார். பிள்ளைப்பேறுகூடப் பெண் உடலுக்கு வெளியே நிகழக்கூடும் என்றார். ஆனால் அவர் கண்ட உலகில் இயந்திரம் மட்டும் மாறவில்லை. சொத்தும் குடும்பமும் சேர்ந்து மாறின. நாமோ இயந்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டை அப்படியே வைத்திருக்கிறோம்.

வேலையிலிருந்து விடுபட்ட அக்கா எங்கே போனார்? ஓய்வுக்கு அல்ல. மாமியாரின் படுக்கைக்கும் பேரனின் பள்ளி வேனுக்கும் இடையில் போனார். இந்தியாவில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘சும்மா’.

தமிழ்ப் பாடம் நடத்துகிறவளுக்கு இந்தச் சொல் உறுத்துகிறது. அருணகிரிநாதரும் தாயுமானவரும் சும்மா இருத்தலை ஞானத்தின் உச்சமாகப் பாடினார்கள். இனி இயந்திரம் உழைக்கும், மனிதர் சும்மா இருக்கலாம் என்று இன்றைய தொழில்நுட்பக்காரர்களும் ஏறத்தாழ அதே வரத்தைத்தான் தருகிறார்கள். யாருக்குச் சோறு தட்டில் வந்து விழுகிறதோ அவருக்கு அது வரம். சோறு வடிப்பவளுக்கு, தன் உழைப்பைத் தானே அழித்துச் சொல்லும் சொல் அது.

நான் செய்தது தவறா? நான் ஒருத்தி போயிருந்தாலும் அந்தக் கடை மூடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மை. ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. மிச்சமான பணம் எனக்கும், பெரும் லாபம் எங்கோ இருக்கும் நிறுவனங்களுக்கும் போயிற்று. மிச்சமான நேரத்தில் நான் கவிதை எழுதினேன். அந்த நேரத்தின் விலையைக் கொடுத்தவரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. கணினிக்குள் இருக்கும் தமிழைப் படித்துத்தான் இந்த இயந்திரங்கள் தமிழ் கற்றன. அந்தத் தமிழை உள்ளே ஏற்றிய கைகளில் அவரைப்போல் பக்கக் கூலிக்கு அடித்த கைகளும் உண்டு. அவற்றுக்கும் நன்றியுரை கிடையாது.

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நானே அதை விடப்போவதில்லை. ஆனால் மாற்று வேலை என்று பேசுகிறவர்கள் பெண்களுக்கு உடனே நீட்டுவது ‘வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்’ என்பதை. அதைச் சந்தேகியுங்கள். எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கும்போதே, அந்த வேலை எங்களை வாசலுக்கு வெளியே கொண்டுபோகுமா என்றும் கேளுங்கள். மிச்சமாகும் நேரத்தில் வீட்டில் யார் சோறு வடிப்பார் என்று ஆண்களையும் கேளுங்கள்.

மார்க்கெட்டில் நான் பொய் சொன்னதற்குக் காரணம் வெட்கம். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருக்க மாட்டார். “நல்லதுதான மேடம்” என்றிருப்பார். அதைக் கேட்கத்தான் எனக்குத் தைரியமில்லை. கீரைக் கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, “வாரேன் மேடம், தேடுவாங்க” என்று கிளம்பினார். அன்று அவர் உடுத்தியிருந்தது நைட்டி. மேலே ஒரு துண்டு.