ஈதலும் ஒப்புரவும்

செல்வம் படைத்தவன் வறியவனுக்குக் கொடுப்பது அறம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் உழைத்தவனுக்குரிய கூலியைக் குறைத்துச் சேர்த்த செல்வமாயின், அதிலிருந்து கொடுப்பது அறமாகுமா? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையாலே விடை தேடியவர் சாமுவேல் ஜோன்ஸ்.

1846 ஆம் ஆண்டு வேல்சில் ஏழைக் குடும்பத்திற் பிறந்த இவர், மூன்று வயதிற் பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். இளமையில் எண்ணெய்க் கிணறுகளில் உழைத்தார். பின்னர் அக்கிணறுகளுக்கான கருவியொன்றை உருவாக்கி, 1894 இல் ஓஹையோ மாநிலத்து ரொலிடோ நகரில் தொழிற்சாலை நிறுவினார்.

அக்காலத் தொழிற்சாலைகளில் தொழிலாளரைக் கட்டுப்படுத்தும் விதிகள் நீண்ட பட்டியலாகத் தொங்கின. ஜோன்ஸ் சுவரில் மாட்டியதோ ஒரே விதி. பிறர் தமக்கு எதைச் செய்யவேண்டுமென ஒருவர் விரும்புகின்றாரோ, அதையே அவர் பிறருக்குச் செய்யவேண்டும் என்னும் விவிலிய போதனையே அது. எட்டு மணிநேர வேலை, நியாயமான கூலி, சம்பளத்துடனான விடுமுறை என்பன அங்கு நடைமுறைக்கு வந்தன. இவை தானமல்ல, உழைத்தவனுக்கு உரியவை. தானம் பெற்றவன் தலை குனிகின்றான். உரியதைப் பெற்றவன் நிமிர்ந்து நடக்கின்றான்.

1897 இல் அவர் ரொலிடோவின் நகரபிதாவானார். சிறுவருக்கு விளையாட்டு மைதானங்களும் பாலர் பாடசாலைகளும் தோன்றின. பொலிசாரின் கனத்த பொல்லுகளுக்குப் பதிலாக மெல்லிய கைத்தடிகள் வழங்கப்பட்டன. நீதிமன்றில் அமர்ந்தபோது, வறுமையால் தவறியோரை அவர் இரக்கத்துடன் விடுவித்தார். 1899 இல் அவரது கட்சி அவரை மீண்டும் நிறுத்த மறுத்தது. சுயேச்சையாக நின்ற அவருக்கு ஏறக்குறைய 70 வீத வாக்குகளை மக்கள் அளித்தனர். 1904 இல் பதவியிலிருக்கும்போதே அவர் காலமானார்.

தண்டனை தளர்ந்தால் குற்றம் பெருகாதா என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. எனினும் தண்டிப்பவன் ஒரு கணம் குற்றவாளியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பானாயின், நீதி குறைவதில்லை, கொடுமையே குறைகின்றது. ஜோன்ஸ் தம் செல்வம் முழுவதையும் துறந்தவருமல்லர். ஆயினும் அச்செல்வம் எவர் உழைப்பால் வந்தது என்பதை அவர் மறக்கவில்லை.

ஈதல், சேர்த்த பின் செய்வது. ஒப்புரவு, சேர்க்கும்போதே செய்வது. அன்னதானத்திற்கு அரிசி அளக்கும் கை, அந்நெல்லை அறுத்தவனின் கூலியையும் குறையாது அளக்கவேண்டும். அப்போதே இறைவன் சந்நிதியிற் குவியும் கைகள் தூயனவாகும்.