எத்தனை வருடம் கழிந்தால்?

பென்சில்வேனியாவில் வசிக்கும் என் மருமகன், நான் அங்கு போயிருந்தபோது இரண்டு றிவோல்வர்களின் படங்களை மேசையில் வைத்து, "மாமா, இதுல எத வாங்குவம்?" என்று கேட்டான். துவக்குச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துப் பழகியவன் நான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க. சட்டப்படி இது துவக்கே இல்ல" என்றான்.

அவன் சொன்னது பொய்யல்ல. 1968ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டவற்றைத் தொன்மையானவை என ஒதுக்கிவைக்கிறது. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்தை இட்டுச் சுடும் அக்கால றிவோல்வர்களின் நகல்களுக்கும் அதே சலுகைதான். இத்தாலியின் பிரெஷியா மாகாணத்தில் உபெர்ட்டியும் பியெட்டாவும் இன்று செய்யும் புத்தம்புதிய றிவோல்வர், பிறக்கும்போதே கிழவனாகப் பிறக்கிறது.

ஒன்று 1851ஆம் ஆண்டின் கோல்ட் நேவி. மற்றது 1858 ரெமிங்டன். ரெமிங்டனின் சுழலறைக்கு மேலாகவும் சட்டகம் ஓடுவதால் அதுவே உறுதி. சுழலறையைக் கழற்றுவதும் இலகு. பித்தளைச் சட்டகம் மலிவு, ஆனால் மருந்து கூடினால் நாளடைவில் தளரும், உருக்கே நிலைக்கும். இவையெல்லாம் அவன் எனக்குப் படிப்பித்தவை. என் கண்ணோ கோல்ட்டின் சுழலறையில் நின்றது. 1843 மே 16இல் டெக்சாஸ், மெக்சிக்கோ கப்பல்கள் மோதிய சமர் அதில் செதுக்கப்பட்டிருந்தது. நகல் செய்தவர்கள் அதையும் விடவில்லை.

மறுநாள் சுடுகளத்தில் அவனுடைய நண்பனின் ரெமிங்டனை எடுத்தோம். அறைக்கு அறை மருந்தை அளந்து போட்டு, ஈயக்குண்டை வைத்து, நெம்பினால் அழுத்தி, பின்புறம் செப்புத் தொப்பியைச் செருகினான். ஐந்து அறைகளை நிரப்பி, தவறி வெடிக்காதிருக்க ஆறாவதை வெறுமையாக விட்டான். "இவ்வளவு நேரம் புடிக்கிற சாமானால யாரு யாரக் கொல்ற?" என்று சிரித்தான்.

நானும் சுட்டேன். வெண்புகை முகத்தை மூடியது. உண்மையைச் சொன்னால், மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சிதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

இன்று மெதுவானதாகத் தெரியும் இதுவே அன்று வேகமானது. இத்தகைய றிவோல்வர்களும் புழங்கிய 1861–1865 உள்நாட்டுப் போரில், சமரிலும் நோயிலுமாக 6 இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். மாறியது கருவியல்ல, அந்த மரணங்களுக்கும் நமக்கும் உள்ள தூரம். அழுதவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாமற் போவதற்குப் பெயர்தான் தொன்மையா? அப்படியாயின், எங்கள் ஊர்களில் வெடித்த துவக்குகளின் நகலையும் நூற்றைம்பது வருடம் கழித்து ஒரு பையன் மேசையில் வைத்து, எது அழகு என்று கேட்பான். தவறென்று சொல்ல நான் இருக்கமாட்டேன்.

வாங்காதே என்று மருமகனிடம் சொல்லவில்லை. சுட்டு மகிழ்ந்த கை அதைச் சொல்லும் தகுதியை இழந்துவிட்டது. மறப்பதெல்லாம் குற்றமென்றால் எந்தத் தலைமுறைக்கும் விளையாட்டே இல்லை என்பதும் தெரியும்.

கடைசியில் கோல்ட்டையே வாங்கச் சொன்னேன். ரெமிங்டன் உறுதி என்பதை அறிந்தும்தான். கருமருந்தின் கசடு இரும்பைத் துருவேற்றும். ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் வெந்நீரில் கழுவியாக வேண்டும். கழுவும்போதெல்லாம் அந்தக் கடற்சமர் அவனுடைய விரலில் தட்டுப்படும்.